வலுவற்ற ஏஸ் கைகள்: போக்கர் டோர்னமென்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் நோ-லிமிட் ஹோல்டம் டோர்னமென்ட் ஆடுபவர்களுக்கானது. ஆட்டத்தின் விதிகள் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம். சிப்ஸ் அளவை எல்லா இடத்திலும் பிக் பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் ஒருவர் முன்கூட்டியே வைக்கும் பெரிய கட்டாயப் பந்தயம்) கணக்கில் சொல்கிறோம்: பிக் பிளைண்ட் 1,000, கையில் 12,000 என்றால் அது 12 பிளைண்ட். இப்போது பெரும்பாலான போட்டிகளில் பிக் பிளைண்டில் உட்கார்ந்திருப்பவரே மேசை முழுவதற்குமான ஆன்டியையும் வைக்கிறார். ஆகவே யாரும் ஆடத் தொடங்கும் முன்பே நடுவில் 2.5 பிளைண்ட் கிடக்கிறது: ஸ்மால் 0.5, பிக் 1, ஆன்டி 1. கீழே வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

வலுவற்ற ஏஸ் என்று எவற்றைச் சொல்கிறோம்?

ஏஸ்-2 முதல் ஏஸ்-9 வரை. இவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: இரண்டு சீட்டும் ஒரே ஜாதியாக இருந்தால் சூட்டட், வேறு வேறு என்றால் ஆஃப்சூட். சிக்கல் பெரும்பாலும் ஆஃப்சூட்டில்தான், எண்ணிக்கையிலும் அதுதான் அதிகம். ஏஸ்-5 மொத்தம் 16 விதமாக வரலாம். அதில் 4 மட்டுமே சூட்டட், மீதி 12 ஆஃப்சூட். எட்டு ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையில், முதலில் முடிவெடுக்க வேண்டிய முதல் இருக்கையிலிருந்து பார்த்தால் ஏஸ்-10 ஆஃப்சூட்டும் இதே குடும்பம்தான் என்பது எங்கள் கருத்து.

கட்டிலேயே பெரிய சீட்டு ஏஸ். அதை ஏன் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள்?

முன்பின் தெரியாத ஏதோ ஒரு கைக்கு எதிராக ஏஸ்-2 ஆஃப்சூட் சுமார் 55 சதவீதம் வெல்லும். ஏஸ்-5 சுமார் 58, ஏஸ்-9 சுமார் 61. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களோடு காசு போட முன்வருபவர் ஏதோ ஒரு கையை வைத்துக்கொண்டு வருவதில்லை.

ஏஸ்-5 கையில் இருக்கும்போது எதிராளியிடம் ஏஸ்-6 முதல் ஏஸ்-கிங் வரை இருக்க 96 வழிகள் உண்டு (மீதி 3 ஏஸ், எட்டு வகைக் கிக்கர் எனும் துணைச் சீட்டு, ஒவ்வொன்றிலும் 4 சீட்டு). நீங்கள் முந்தி நிற்கும் ஏஸ்-2, ஏஸ்-3, ஏஸ்-4 சேர்த்து 36 வழிகள்தான். கொடுமை என்னவென்றால், அந்த 36-ஐ வைத்திருப்பவர் உங்கள் ரெய்ஸைப் (பந்தயத்தை உயர்த்துவதை) பார்த்ததும் போட்டுவிடுவார், அதாவது சீட்டைக் கீழே போட்டு விலகிவிடுவார். 96-ல் இருப்பவர்தான் தங்குவார்.

தங்கியவரிடம் ஏஸ்-கிங் இருந்தால் உங்கள் பங்கு சுமார் 27 சதவீதம். ஜோடி 8 இருந்தால் சுமார் 30. கிங் ஜோடி என்றாலும் ஏறக்குறைய அதே 30. கிங்-குயின் ஆஃப்சூட் என்றால் நீங்கள் 55-க்கு மேல் முன்னே. ஜோடி 4 என்றால் கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான். அதாவது ஒப்புக்கு முன்னே நிற்பீர்கள், பின்னே போனால் வெகுதூரம் பின்னே போவீர்கள். வலுவற்ற ஏஸுக்கு உள்ள உண்மையான மதிப்பு எதிராளியைச் சீட்டைப் போட வைப்பதில் இருக்கிறது. கடைசிவரை கூட்டிக்கொண்டுபோய்த் திறந்து காட்டுவதில் இல்லை.

மேசையில் வேறு யாரிடமாவது ஏஸ் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

உங்களிடம் ஒரு ஏஸ் இருக்கும்போது:

எதிரே 8 பேர் – சுமார் 69 சதவீதம்
எதிரே 2 பேர் (நீங்கள் பட்டன், அதாவது டீலர் இருக்கை; மிச்சம் இரண்டு பிளைண்ட்) – சுமார் 22.5
எதிரே 1 ஆள் (நீங்கள் ஸ்மால் பிளைண்ட்) – சுமார் 12

இதை மனதில் வைத்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். முதல் இருக்கையில் ஏஸ்-6 வந்தால் மூன்றில் இரண்டு தடவைக்கும் மேலாக மேசையில் இன்னொரு ஏஸ் இருக்கிறது. பட்டனில் அதே கை வந்தால் நான்கில் மூன்று தடவைக்கு மேல் உங்களுடையது மட்டும்தான்.

சூட்டட் என்பதால் அவ்வளவு வித்தியாசமா? வெறும் 2, 3 சதவீதம்தானே?

ஆல்-இன் போட்டு (சிப்ஸ் முழுவதையும் வைத்து) ஐந்து பொதுச்சீட்டையும் பார்க்கும்போது வித்தியாசம் அந்த 2, 3 சதவீதம்தான். ஃப்ளாப்புக்குப் (முதலில் திறக்கும் மூன்று பொதுச்சீட்டு) பிறகும் ஆடக்கூடிய அளவு சிப்ஸ் இருக்கும்போது கதை வேறு. சூட்டட் கையோடு ஃப்ளாப் பார்த்தால் சுமார் 11 சதவீதம் ஃப்ளஷ் டிரா (ஒரே ஜாதி ஐந்து சீட்டுக்கு ஒன்று குறைவான நிலை) கிடைக்கும். ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் முடிவது 1 சதவீதத்துக்கும் கீழ். டிரா கிடைத்தால் ரிவருக்குள் (கடைசிப் பொதுச்சீட்டு) அது முடிய 35 சதவீதம். முடிந்தால் அது அந்த ஜாதியின் பெரிய ஃப்ளஷ். போர்டில் (பொதுச்சீட்டுகளில்) ஜோடி விழாதவரை பயமே இல்லை. எதிராளி கிங் ஃப்ளஷோடு வந்தால் அவருடைய மொத்த சிப்ஸும் உங்களுக்கு. ஆஃப்சூட் ஏஸில் இப்படி ஒரு பெரிய பாட் (நடுவில் சேரும் பணம்) வருவதே அபூர்வம்.

ஏஸ்-6 சூட்டடைவிட ஏஸ்-5 சூட்டட் மேல் என்கிறார்களே?

ஆழமான சிப்ஸில் ஆம். ஏஸ், 2, 3, 4, 5 என்ற சிறிய ஸ்ட்ரெய்ட் ஏஸ்-5, ஏஸ்-4, ஏஸ்-3, ஏஸ்-2 கைகளுக்கு மட்டுமே இரண்டு சீட்டையும் பயன்படுத்திக் கிடைக்கும். ஏஸ்-6-க்குக் கிடைக்காது. ஒரு ஏஸ் ஜோடி அடித்து நிற்கும்போது 6 கிக்கரும் 5 கிக்கரும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டையும் எல்லோரும் அடிப்பார்கள். ஆகவே ஸ்ட்ரெய்ட் வாய்ப்புள்ள 5-க்கு ஒரு படி கூடுதல் மதிப்பு. ஆனால் 10 பிளைண்டில் ஆல்-இன் போடும்போது இந்த நுணுக்கம் தேவையில்லை. அங்கே ஏஸ்-9-தான் ஏஸ்-5-ஐவிட மேல்.

தொடக்கச் சுற்றுகளில், 100 பிளைண்டுக்கு மேல் இருக்கும்போது?

லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட் போன்ற மெதுவான போட்டிகளில் 60,000 சிப்ஸும் இரண்டு மணிநேரச் சுற்றுகளும் தருகிறார்கள். அந்த ஆழத்தில் ஆஃப்சூட் வலுவற்ற ஏஸ் நடு இருக்கைகள்வரை நேராகக் கீழே போக வேண்டும். பட்டனிலும் அதற்கு முந்திய இருக்கையிலும் எல்லோரும் போட்டுவிட்டு வந்தால் மட்டும் திறக்கலாம் (முதல் ஆளாக ரெய்ஸ் செய்யலாம்). காரணம் எளிது: ஏஸ் ஜோடி அடித்தால் சின்ன பாட் வெல்லும், பெரிய பாட் என்றால் பெரும்பாலும் தோற்கும்.

சூட்டட் ஏஸ்களை எங்கிருந்தும் ஆடலாம். முதல் இருக்கையில் மட்டும் ஏஸ்-6, ஏஸ்-7 போன்ற நடுத்தரத்தை விட்டுவிடலாம். ஏஸ்-5, ஏஸ்-4 வைத்துக்கொள்ளலாம்.

லிம்ப் செய்து (ரெய்ஸ் செய்யாமல் பிக் பிளைண்ட் தொகையை மட்டும் வைத்து) மலிவாக ஃப்ளாப் பார்க்கலாமா?

ஆஃப்சூட்டில் வேண்டாம். நான்கு பேர் ஃப்ளாப் பார்க்கும் பாட்டில் ஏஸ் விழுந்தால் என்ன செய்வீர்கள்? உங்களிடம் ஏஸ் இருக்கும்போது ஃப்ளாப்பில் இன்னொரு ஏஸ் வர வாய்ப்பு சுமார் 17 சதவீதம், ஆறில் ஒரு தடவை. அந்த ஒரு தடவையிலும் உங்களுக்கு நிம்மதி இருக்காது. ஸ்மால் பிளைண்டிலிருந்து பிக் பிளைண்டுக்கு எதிராக லிம்ப் செய்வது தனி விஷயம். 20 பிளைண்டுக்கு மேல் இருக்கும்போது அது நியாயமான ஆட்டமே.

25 முதல் 40 பிளைண்ட்வரை, எந்த இருக்கையில் எந்த ஏஸைத் திறக்கலாம்?

ஒன்பது பேர் மேசை, ஆன்டி உண்டு, உங்களுக்கு முன் யாரும் வரவில்லை, 2 அல்லது 2.2 பிளைண்டுக்கு ரெய்ஸ் என்று வைத்துக்கொண்டு தோராயமான எல்லைகள்:

முதல் இரண்டு இருக்கைகள்: சூட்டட் ஏஸ்களில் பெரும்பாலானவை, ஆஃப்சூட் என்றால் ஏஸ்-ஜாக்கிலிருந்து, மேசை மந்தமாக இருந்தால் ஏஸ்-10.
நடு இருக்கைகள்: எல்லா சூட்டட் ஏஸும், ஆஃப்சூட் ஏஸ்-10, சில சமயம் ஏஸ்-9.
பட்டனுக்கு முந்திய இருக்கை: ஆஃப்சூட் ஏஸ்-8 வசதியாக, அதற்குக் கீழே பின்னாலிருப்பவர்களைப் பொறுத்து.
பட்டன்: ஏறக்குறைய எல்லா ஏஸும்.

பின்னால் இருப்பவர்களிடம் 12 முதல் 18 பிளைண்ட் மட்டும் இருந்தால் இந்த எல்லைகளை இறுக்குங்கள். அந்த அளவு சிப்ஸ் வைத்திருப்பவர்தான் உங்கள் ரெய்ஸின் மேல் ஆல்-இன் போட்டுத் தள்ளுவார். ஏஸ்-6-ஐத் திறந்து, ஆல்-இன் வாங்கி, போட்டுவிட்டு 2 பிளைண்டை இழப்பது ஒரு இரவில் நான்கைந்து தடவை நடந்தால் உங்கள் சிப்ஸில் கால்பங்கு காணாமல் போயிருக்கும். எங்கே போனது என்றுகூடத் தெரியாது.

எனக்கு முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டார். ஏஸ்-9 ஆஃப்சூட்டை வைத்துக் கால் செய்யலாமா (அதே தொகையை வைத்துத் தொடரலாமா)?

பிக் பிளைண்டில் இல்லையென்றால் கூடாது. இந்தப் பக்கத்திலேயே இவ்வளவு தீர்மானமாகச் சொல்லக்கூடிய விடை வேறில்லை. முதல் இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்பவரிடம் உள்ள ஏஸ்கள் பெரும்பாலும் உங்களுடையதைவிடப் பெரியவை. நீங்கள் கால் செய்தபின் பின்னாலிருந்து யாராவது தள்ளினால் அதையும் விட வேண்டும். மூன்றாவது வழி, மறு ரெய்ஸ். அதற்கு ஏஸ்-9-ஐவிட ஏஸ்-5 சூட்டட், ஏஸ்-4 சூட்டட் பொருத்தம்.

காரணத்தை எண்ணிப் பார்க்கலாம். உங்களிடம் ஒரு ஏஸ் இருப்பதால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி கிடைக்கும் வழிகள் 6-லிருந்து 3-ஆகக் குறைகின்றன. ஏஸ்-கிங் 16-லிருந்து 12. ஏஸ், கிங், குயின் ஜோடிகளையும் ஏஸ்-கிங்கையும் மட்டுமே அவர் விடமாட்டார் என்றால், 34 வழிகள் 27-ஆகச் சுருங்கிவிட்டன. ஐந்தில் ஒரு பங்கு பயம் போயிற்று. அவர் கால் செய்தாலும் ஃப்ளஷ், சிறிய ஸ்ட்ரெய்ட் என்ற வழிகள் கையில் இருக்கின்றன. ஏஸ்-9 ஆஃப்சூட்டுக்கு முதல் பாதி மட்டும்தான் உண்டு, இரண்டாவது பாதி இல்லை.

பிக் பிளைண்டில் இருக்கும்போது மட்டும் ஏன் விதிவிலக்கு?

விலை. பட்டன் 2 பிளைண்டுக்குத் திறந்து, ஸ்மால் பிளைண்ட் போட்டுவிட்டால் நடுவில் 4.5 இருக்கிறது, நீங்கள் 1 வைத்தால் போதும். 5.5-ல் 1, அதாவது 18 சதவீதம் வென்றாலே கால் சரி. எந்த ஏஸும் அந்த வேலையைச் செய்யும், ஏஸ்-2 ஆஃப்சூட்கூட. முதல் இருக்கைக்காரர் திறந்தாலும் 2 பிளைண்ட் என்றால் சூட்டட் ஏஸ் எல்லாமும் கால். ஆஃப்சூட்டில் ஏஸ்-2, ஏஸ்-6 போன்றவற்றைப் போட்டாலும் பெரிய நட்டமில்லை.

ரெய்ஸ் 3 பிளைண்டாக இருந்தால் கணக்கு மாறும்: நடுவில் 5.5, நீங்கள் வைக்க வேண்டியது 2, தேவை 27 சதவீதம். பொழுதுபோக்குப் போட்டிகளில் 3, 4 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்வது சகஜம். அங்கே பிக் பிளைண்டையும் தாராளமாக விடுங்கள்.

10 பிளைண்ட்தான் மிச்சம். ஏஸ்-4 ஆஃப்சூட் வந்திருக்கிறது. ஆல்-இன்னா?

எந்த இருக்கை என்று முதலில் சொல்லுங்கள். கணக்கை இரண்டு இடத்தில் போட்டுப் பார்ப்போம்.

பட்டன். பின்னால் இரண்டு பேர். ஒவ்வொருவரும் தங்கள் கைகளில் மேலான 22 சதவீதத்தோடு கால் செய்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் போட்டுவிட 0.78 × 0.78, அதாவது 61 சதவீதம்; அப்போது 2.5 பிளைண்ட் உங்களுக்கு. மீதி 39 சதவீதத்தில் கால் வரும். அந்தக் கைகளுக்கு எதிராக உங்கள் பங்கைக் குறைத்தே 36 சதவீதம் என்று எடுப்போம். பாட் சுமார் 21.7 பிளைண்ட், அதில் 36 சதவீதம் 7.8, போட்டது 10, நட்டம் 2.2. இப்போது 0.61 × 2.5 = 1.52 வரவு, 0.39 × 2.2 = 0.86 செலவு. ஒவ்வொரு தடவையும் சராசரியாக 0.66 பிளைண்ட் லாபம். சீட்டைப் போட்டுவிட்டால் பூஜ்யம். ஆகவே ஆல்-இன்.

முதல் இருக்கை, பின்னால் 8 பேர். ஒவ்வொருவரும் 10 சதவீதம் கைகளோடு மட்டும் கால் செய்வார்கள் என்று இறுக்கியே வைப்போம். எட்டுப் பேரும் சீட்டைப் போட 43 சதவீதம்தான். கால் வரும் 57 சதவீதத்தில் உங்கள் பங்கு 29 சதவீதம். பாட் சுமார் 22.5, அதில் 6.5 கிடைக்கும், நட்டம் 3.5. வரவு 1.07, செலவு 2.0. சராசரி நட்டம் 0.9 பிளைண்ட். அதே இரண்டு சீட்டு, அதே 10 பிளைண்ட், இருக்கை மட்டும்தான் மாறியது.

பொதுவாக 10 பிளைண்டில், யாரும் உள்ளே வராதபோது: ஸ்மால் பிளைண்டிலும் பட்டனிலும் எந்த ஏஸும் தள்ளலாம். பட்டனுக்கு முந்திய இருக்கையில் எல்லா சூட்டட் ஏஸும், ஆஃப்சூட்டில் ஏஸ்-5 அளவிலிருந்து. முதல் இருக்கையில் ஆஃப்சூட் என்றால் ஏஸ்-10, சூட்டட் என்றால் ஏஸ்-8 பக்கம் எல்லை.

10 பிளைண்டும் அதற்குக் கீழும் இருக்கும்போது 2 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்துவிட்டு, ஆல்-இன் வந்தால் சீட்டைப் போடுவது என்ற பழக்கம் வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். அதுவும் வலுவற்ற ஏஸோடு. ஏஸ்-4-க்கு எதிராளி சீட்டைப் போடுவதுதான் தேவை, ஃப்ளாப் அல்ல.

இன்னும் நல்ல ஏஸ் வரட்டும் என்று காத்திருந்தால்?

கையில் குறைந்தது ஒரு ஏஸாவது வர வாய்ப்பு 15 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. ஏழு கைக்கு ஒன்று. ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்று முடிய 2.5 பிளைண்ட் போகும். 10-லிருந்து 7.5 ஆகிவிட்டால் உங்கள் ஆல்-இன்னுக்குப் பயந்து யாரும் சீட்டைப் போடமாட்டார்கள். பட்டனில் வந்த ஏஸ்-4-ஐ விட்டுவிட்டு, அடுத்த சுற்றில் முதல் இருக்கையில் வரும் ஏஸ்-ஜாக்குக்குக் காத்திருப்பது சிக்கனம் போலத் தெரியும். அப்படி இல்லை.

எதிராளி ஆல்-இன் போட்டார். ஏஸ்-5 ஆஃப்சூட்டோடு கால் செய்யலாமா?

தள்ளுவதற்கும் கால் செய்வதற்கும் ஒரே அளவுகோல் கிடையாது. தள்ளும்போது இரண்டு வழியில் வெல்லலாம். கால் செய்யும்போது ஒரே வழி, சீட்டு வெல்ல வேண்டும்.

நீங்கள் பிக் பிளைண்ட், ஸ்மால் பிளைண்ட் 10 பிளைண்டை மொத்தமாகத் தள்ளுகிறார். நடுவில் 12 இருக்கிறது, நீங்கள் இன்னும் 9 வைக்க வேண்டும். 21-ல் 9, தேவை 43 சதவீதம். அவர் அந்த இடத்திலிருந்து பாதிக்கு மேற்பட்ட கைகளைத் தள்ளுவார். ஏஸ்-2 ஆஃப்சூட்கூட அதற்கு எதிராக ஏறக்குறைய பாதி வெல்லும். கால்.

அதே 10 பிளைண்டை முதல் இருக்கைக்காரர் தள்ளினால் தேவை ஏறக்குறைய அதேதான், 42 சதவீதம். ஆனால் அவரிடம் நடுத்தர ஜோடிகளும் பெரிய ஏஸ்களும்தான் இருக்கும். உங்கள் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டாது. போட்டுவிடுங்கள். விலை ஒன்றுதான், ஆள் வேறு.

15 பிளைண்டோடு, வேறொருவர் ரெய்ஸின் மேல் தள்ளுவது?

வலுவற்ற ஏஸுக்கு இது நல்ல இடம், ஆனால் தாமதமான இருக்கையிலிருந்து திறப்பவருக்கு எதிராக மட்டும். பட்டன் 45 சதவீதம் கைகளைத் திறந்து, 18 சதவீதத்தோடு மட்டும் உங்கள் ஆல்-இன்னைக் கால் செய்வார் என்றால், பத்தில் ஆறு தடவை போட்டுவிடுகிறார். பிக் பிளைண்டிலிருந்து 15-ஐத் தள்ளினால், கால் வந்த நேரத்தில் 35 சதவீதம் மட்டுமே வென்றாலும் சராசரியாக 1.5 பிளைண்ட் லாபம் நிற்கும். முதல் இருக்கைக்காரர் 15 சதவீதம் திறந்து 9 சதவீதத்தோடு கால் செய்து, கால் வந்த நேரத்தில் உங்கள் வெற்றி 29 சதவீதமாகக் குறைந்தால் அதே ஆட்டம் ஒரு பிளைண்டுக்கு மேல் நட்டம்.

இங்கே எங்கள் தேர்வு: ஏஸ்-5 முதல் ஏஸ்-2 வரை சூட்டட், ஏஸ்-7 முதல் ஏஸ்-9 வரை ஆஃப்சூட். 25 பிளைண்டைத் தாண்டிவிட்டால் ஆஃப்சூட்டைத் தள்ள வேண்டாம். இழப்பதற்கு அதிகம், எடுப்பதற்கு அதே 4.5.

பரிசு எல்லை நெருங்குகிறது, பபிள். என்ன மாறும்?

எல்லாம். சிப்ஸ் இரட்டிப்பானால் பணமதிப்பு இரட்டிப்பாகாது. இதைக் கணக்கிடும் முறைக்குத்தான் ஐசிஎம் என்று பெயர்.

நான்கு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் பரிசு: 50, 30, 20 சதவீதம். நால்வரிடமும் சம அளவு சிப்ஸ். ஒவ்வொருவர் பங்கும் 25 சதவீதம். ஒருவர் ஆல்-இன் போட, நீங்கள் கால் செய்து வென்றால் உங்களிடம் பாதி சிப்ஸ். அப்போது முதலிடம் வர 1/2, இரண்டாமிடம் 1/3, மூன்றாமிடம் 1/6. பணமதிப்பு 25 + 10 + 3.33, அதாவது 38.33. தோற்றால் பூஜ்யம். 25-ஐப் பணயம் வைத்து 13.33 சம்பாதிக்கப் பார்க்கிறீர்கள். 25-ஐ 38.33-ஆல் வகுத்தால் 65 சதவீதம். நடுவில் கிடக்கும் பிளைண்ட் இதைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவே.

எதிராளி சீட்டைப் பார்க்காமலே தள்ளினார் என்று வைத்துக்கொண்டால்கூட ஏஸ்-7 ஆஃப்சூட் 59 சதவீதம்தான். அந்த இடத்தில் கால் செய்யக் கூடாது. ஆனால் தள்ளுபவர் நீங்களாக இருந்தால் அதே கணக்கு உங்கள் பக்கம் வேலை செய்யும். எதிராளிக்குத்தான் 65 சதவீதம் தேவை. பபிளில் சிப்ஸ் அதிகம் வைத்திருப்பவர், நடுத்தர சிப்ஸ்காரர்களின் பிளைண்டை எந்த ஏஸோடும் தாக்கலாம். நடுத்தர சிப்ஸ்காரர் பெரிய சிப்ஸ்காரரோடு ஏஸ்-9 வைத்து மோதுவதுதான் பபிளில் பார்க்கக்கூடிய மோசமான ஆட்டம், அதுவும் மேசையில் இன்னொருவர் 2 பிளைண்டோடு உட்கார்ந்திருக்கும்போது.

பவுண்டி போட்டிகளில்?

ஆளை வெளியேற்றினால் தனிப் பணம் என்பதால் கால் எல்லை தளர்கிறது. மேலே சொன்ன முதல் இருக்கை ஆல்-இன்னையே எடுங்கள்: 21.5-க்கு 9, தேவை 42 சதவீதம். அவருடைய தலைக்கு உள்ள பணம் 5 பிளைண்டுக்குச் சமம் என்றால் 26.5-க்கு 9, தேவை 34 சதவீதம். மேலே கீழே போடச் சொன்ன ஏஸ்-5 இப்போது விளிம்புக்கு வந்துவிட்டது. ஏஸ்-8 தெளிவான கால். ஒரு நிபந்தனை: உங்களிடம் அவரைவிடக் குறைவான சிப்ஸ் இருக்கக் கூடாது. இல்லையென்றால் வென்றாலும் பவுண்டி கிடையாது.

ஏஸ்-6 வைத்திருக்கிறேன், ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்துவிட்டது. எவ்வளவு போட வேண்டும்?

நீங்கள் ரெய்ஸ் செய்தவர், எதிரே பிக் பிளைண்ட் மட்டும், ஃப்ளாப் ஏஸ்-9-4 என்றால் பாட்டில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பந்தயம் போடுங்கள். 9 ஜோடி, 4 ஜோடி, சின்ன ஜோடி எல்லாம் கால் செய்யும். பெரிதாகப் போட்டால் அவை ஓடிவிடும். பெரிய ஏஸ் மட்டும் தங்கும். டர்னில் (நான்காவது பொதுச்சீட்டில்) செக், அதாவது பந்தயம் போடாமல் விடுவது. ரிவரில் அவர் செக் செய்தால் இன்னொரு சிறு பந்தயம், அவர் பந்தயம் போட்டால் நியாயமான விலைக்குக் கால். மூன்று சுற்றில் இரண்டு சுற்றுக்கு மட்டுமே பணம் உள்ளே போக வேண்டிய கை இது.

நீங்கள் பிக் பிளைண்டில் கால் செய்தவர் என்றால் ஃப்ளாப் பந்தயத்தைக் கால் செய்யுங்கள், ரெய்ஸ் வேண்டாம். ரெய்ஸ் செய்தால் நீங்கள் அடிக்கக்கூடிய கையெல்லாம் போய்விடும். டர்னில் பாட்டில் பாதி வந்தால் பொதுவாகக் கால். ரிவரில் பாட் அளவுக்குப் போட்டால் உங்களுக்கு 33 சதவீதம் வெற்றி தேவை. மூன்று சுற்றும் விடாமல் ஏமாற்று ஆட்டம் ஆடுபவர் என்று தெரிந்திருந்தால் மட்டும் கால். சாதாரண உள்ளூர்ப் போட்டிகளில் மூன்றாவது பெரிய பந்தயம் பெரும்பாலும் உண்மையானது என்பது எங்கள் கணிப்பு.

12 பிளைண்டுக்குக் கீழே இருந்தால் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். அந்த ஆழத்தில் ஏஸ் ஜோடி எந்தக் கிக்கரோடும் போதும்.

கிக்கர் எப்போது கணக்கிலேயே வராது?

போர்டு ஏஸ், கிங், 9, 8, 4. உங்களிடம் ஏஸ்-6, அவரிடம் ஏஸ்-7. சிறந்த ஐந்து சீட்டு இருவருக்கும் ஏஸ், ஏஸ், கிங், 9, 8. பாட் சரிபாதி. அவரிடம் ஏஸ்-10 இருந்தால் 10 உள்ளே வந்து நீங்கள் தோற்பீர்கள். போர்டில் 8-க்குப் பதில் 2 இருந்தால் ஏஸ்-7 ஏஸ்-6-ஐ அடித்துவிடும். ஏஸைத் தவிர மீதியுள்ள நான்கு போர்டுச் சீட்டுகளில் பெரிய மூன்று உங்கள் கிக்கரைவிடப் பெரிதா என்று மட்டும் பாருங்கள்.

ஏஸ் விழாத ஃப்ளாப்பில்?

ஜோடியில்லாத எந்தக் கையும் ஃப்ளாப்பில் ஜோடியாவது அடிப்பது மூன்றில் ஒரு தடவைதான். 8-5-2 போன்ற உலர்ந்த (டிரா குறைவான) ஃப்ளாப்பில், பிக் பிளைண்டில் இருந்து பட்டனுக்கு எதிராக ஏஸ்-9 வைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு பந்தயத்தை ஒரு தடவை கால் செய்யலாம். 20 சதவீதம் வெற்றி போதும், ஏஸ் உயர் (ஜோடியில்லாத ஏஸ்) பல தடவை முன்னேதான் நிற்கும். டர்னில் அவர் மறுபடி பந்தயம் போட்டால் விடுங்கள். ஜாக்-10-9 மாதிரி ஈரமான (டிரா நிறைந்த) ஃப்ளாப்பில் ஏஸ்-3-ஐ முதல் பந்தயத்துக்கே விட்டுவிடலாம்.

சிறிய ஸ்ட்ரெய்டில் ஏமாற வாய்ப்பு உண்டா?

உண்டு. போர்டில் 2-3-5, உங்களிடம் ஏஸ்-4. ஸ்ட்ரெய்ட்தான், ஆனால் 6-4 வைத்திருப்பவருக்கு 2 முதல் 6 வரை பெரிய ஸ்ட்ரெய்ட். பிக் பிளைண்டில் மலிவாக வந்தவரிடம் 6-4 சூட்டட் இருப்பது இயல்பு. 30 பிளைண்டுக்குள் இதற்குப் பயந்து மெதுவாக ஆட வேண்டாம். 150 பிளைண்ட் ஆழத்தில் அவர் மூன்றாவது முறை ரெய்ஸ் செய்யும்போது நின்று யோசியுங்கள்.

2017 உலகப் போக்கர் தொடர் மெயின் ஈவென்டை ஏஸ்-2-தானே முடித்து வைத்தது?

ஆம். கடைசிக் கையில் ஸ்காட் புளூம்ஸ்டீனிடம் ஹார்ட் ஏஸும் டைமண்ட் 2-ம். டான் ஆட்டிடம் டைமண்டில் ஏஸ்-8. போர்டு ஜாக், 6, 5, 7, கடைசியில் 2. டர்ன்வரை புளூம்ஸ்டீன் பின்னே; அவரைக் காப்பாற்றக்கூடியவை மீதியிருந்த மூன்று 2-கள் மட்டும். 44 சீட்டில் 3, அதாவது 7 சதவீதம்.

இருவர் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் ஏஸ்-2 நல்ல கை, எதிரே ஏஸ் இருக்க 12 சதவீதம்தான் வாய்ப்பு. அந்தக் கையில் அந்த 12 சதவீதம் நடந்தது. அதன்பின் 7 சதவீதமும் நடந்தது. 20 பிளைண்டுக்குள் இருவர் ஆட்டத்தில் ஸ்மால் பிளைண்டிலிருந்து எந்த ஏஸையும் தள்ளுவது கணக்குப்படி சரி. ஒன்பது பேர் மேசைக்கு இந்த உதாரணத்தைக் கொண்டுவர முடியாது.

பணம் வைக்காமல் எப்படிப் பயிற்சி செய்வது?

இலவசமாகக் கிடைக்கும் ஈக்விட்டி கால்குலேட்டர் (வெற்றிப் பங்கைக் கணக்கிடும் கருவி) போதும். ஏஸ்-5 ஆஃப்சூட்டை ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் முதலில் மேலான 10 சதவீதம் கைகள், பிறகு 20, 40, 60 என்று மாற்றி எண்களை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து ஏஸ்-9-க்கு அதையே செய்யுங்கள். இந்த எட்டு எண்களும் மனப்பாடமானால் மேசையில் பெரும்பாலான ஆல்-இன் முடிவுகள் சில நொடிகளில் முடியும். இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்கிறது.

எதிராளி ஏஸ்-3 ஆஃப்சூட்டைத் திறந்து காட்டினார். அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

எந்த இருக்கையிலிருந்து, எவ்வளவு சிப்ஸோடு, தள்ளினாரா கால் செய்தாரா என்று மூன்றையும் சேர்த்துக் குறியுங்கள். பட்டனில் 9 பிளைண்டோடு தள்ளினார் என்றால் கணக்குத் தெரிந்தவர். அவருடைய பிளைண்டை லேசாகத் தாக்க வேண்டாம். முதல் இருக்கையில் 40 பிளைண்டோடு லிம்ப் செய்து காட்டினார் என்றால் ஏஸ் எதுவாக இருந்தாலும் விடமாட்டார். அவருக்கு எதிராக ஏமாற்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஏஸ்-ஜாக், ஏஸ்-குயின் வரும்போது மூன்று சுற்றும் பெரிதாகப் போடுங்கள். ரெய்ஸைக் கால் செய்து ஏஸ்-3 காட்டியவரிடமும் இதேதான், ஆனால் ஃப்ளாப்பில் ஏஸ் விழாவிட்டால் முதல் பந்தயத்துக்கே போட்டுவிடுவார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளலாம்.